600 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஐந்தரை லிட்டர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இரட்டை டர்போ (வெளியே போகிற புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) வைத்த பன்னிரண்டு சிலிண்டர் கார் இன்ஜின்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில். தமிழில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? இரண்டாம் தடவை கையில் பேனாவோடு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கார் மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பட்டுக்கோட்டையில் லாரி ஷெட்டில் ஆறு வருஷம், அப்புறம் ஷார்ஜா தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருஷம். அங்கே எங்கள் ஒர்க் ஷாப்பில் பழைய மெர்சிடீஸ்தான் பிழைப்பு. எஸ் 600, எஸ்.எல். 600, எப்போதாவது மெர்சிடீஸின் அதிவேகப் பிரிவான ஏ.எம்.ஜி. செய்த ஒரு 65, இரண்டே தடவை அதன் ஆடம்பர வண்டியான மேபேக். ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது என் வீட்டு வாசலில் நிற்பது ஒரு டி.வி.எஸ். 50.

முதலில் சின்னத் திருத்தம். எஸ் 600 என்றால் ஆறு லிட்டர் இன்ஜின் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 1991இல் வந்த முதல் பன்னிரண்டு சிலிண்டருக்கு அது சரி, 5,987 சி.சி. இடையில் 5.8 லிட்டர் ஒன்று வந்தது, அதற்கு டர்போ கிடையாது. 2002இல் இரட்டை டர்போ வைத்தபோது கொள்ளளவு இன்னும் இறங்கி 5,513 சி.சி. ஆனது. பின்பக்க டிக்கியில் மட்டும் அதே 600. ஏ.எம்.ஜி. அதைத் துளைத்து, பிஸ்டன் ஓடும் தூரத்தையும் நீட்டி 5,980 சி.சி. ஆக்கியதே, அந்த வண்டிக்குப் பெயர் 65. அதாவது 600 என்று எழுதினால் ஐந்தரை, 65 என்று எழுதினால் ஆறு. கடையில் இதைச் சொல்லாமல் பார்ட்ஸ் கேட்டு, தப்பான பிஸ்டன் ரிங்கோடு திரும்பி வந்த பையன்கள் உண்டு. அதில் நானும் ஒருவன்.

அடுத்தது கொஞ்சம் பெரிய விஷயம். சிலிண்டருக்கு மூன்றே வால்வு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, பழைய ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். இவ்வளவு விலையுள்ள காரில் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கட்டுரை கேட்கிறது. 1991 இன்ஜினில் சிலிண்டருக்கு நான்கு வால்வு, மொத்தம் 48 இருந்தது உண்மை. பிறகு வந்ததில் 36. படிக்கிறவர்களுக்கு இது பின்னுக்குப் போனது போலத்தான் தோன்றும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

காற்று உள்ளே வர இரண்டு வால்வு, புகை வெளியே போக ஒன்று. வெளியே போகிற வழி ஒன்றாக இருந்தால், சூடான வாயு உரசிப் போகிற சுவர்ப்பரப்பு குறைகிறது. சூடு வழியில் வீணாகாமல் போகும். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறி வேலை செய்யத் தொடங்குவதற்கு அது உதவி. டர்போவுக்கும் அதுதான் வேண்டும். டர்பைனைச் சுற்றுவது அந்தச் சூடான வாயுதானே. வால்வு ஒன்று குறைந்த இடத்தில் இரண்டாவது ஸ்பார்க் பிளக் உட்கார்ந்தது. சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக மொத்தம் 24. இதைக் கஞ்சத்தனம் என்பவர் ஒரு தடவை 24 பிளக்குக்கும் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் கதையும் அப்படித்தான். 2003இல் மெர்சிடீஸிடம் ஏழு கியர் பெட்டி கைவசம் வந்துவிட்டது. எட்டு சிலிண்டர் வண்டிகளுக்குப் போட்டார்கள். பன்னிரண்டு சிலிண்டர் டர்போவுக்குப் போடவில்லை, போட முடியவில்லை. எஸ் 600இல் 500 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. அந்த 800உம் நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே முழுசாக வந்து நிற்கும். நம் தெருவில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு நூற்றுப் பத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஏ.எம்.ஜி.யின் ஆறு லிட்டர் இன்ஜின் 1,200 வரை கொடுக்கக்கூடியது. மற்ற பாகங்கள் தாங்க வேண்டுமே என்று எலக்ட்ரானிக்ஸால் 1,000இல் பிடித்து நிறுத்தினார்கள். இந்த இழுவையை ஏழு கியர் பெட்டி அன்றைக்குத் தாங்காது. ஐந்து கியர் பெட்டியைப் பலப்படுத்திப் போட்டார்கள், தாங்கியது. தவிர இந்த இன்ஜினுக்கு எத்தனை கியர் இருந்தாலும் ஒன்றுதான். இரண்டாவது கியரில் விட்டுவிட்டு ஊர் போய்ச் சேரலாம்.

இதற்குமேல் நான் சொல்ல வந்தது வேறு. கட்டுரை முழுக்க வேகம், வேகம், வேகம். 250 கிலோமீட்டரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், அவிழ்த்துவிட்டால் எவ்வளவு போகும் என்று அரைப் பக்கம். நான் பார்த்த வண்டிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் வேகத்துக்காக இதை வைத்திருக்கவில்லை.

ஒரு பெரியவர் வருவார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அந்த ஊர்க்காரர். கருநீல எஸ் 600. எண்பதுக்கு மேல் போகவே மாட்டார். இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோ மீட்டர் முள் இரண்டாயிரத்தைத் தாண்டுவது அபூர்வம். "ஏன் பாபா, இதற்கு ஆறு சிலிண்டர் போதுமே, பெட்ரோல் மிச்சமாகுமே" என்று எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். எண்பதில் போகும்போது தம் மனைவி பேசுவது காதில் விழ வேண்டும் என்றார். அவருக்கு ஒரு காது மந்தம்.

அவர் வண்டியில்தான் நான் அவமானப்பட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்தில் ஏர் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது. பானெட் திறந்திருந்தது, ஆயில் மாற்றலாமே என்று ஃபில்லர் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளேயிருந்து சூடான ஆயில் ஆவி முகத்தில் அடித்த பிறகுதான் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதே தெரிந்தது. மூடியைக் கழற்றியதும் ஓட்டம் லேசாகத் தடுமாறியது. பழையபடி மூடினேன், மறுபடி ஒன்றுமில்லை. மலையாளி ஃபோர்மேன் சுலைமானி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அவர் என் கையைப் பிடித்து ஹெட் கவர் மேல் வைத்தார். லாரி இன்ஜின் மேல் கை வைத்தால் முழங்கை வரை உதறும். இது ஃபிரிட்ஜின் மேல் கை வைத்தது போல இருந்தது.

காரணம் புரிய எனக்கு லாரி ஷெட் படிப்பு உதவியது. லேலண்ட் லாரியில் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் பார்த்திருப்பீர்கள். இரண்டு பிஸ்டன் ஏறும்போது இன்னும் இரண்டு இறங்கி, அந்த ஆறும் தமக்குள்ளேயே ஆட்டத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். அப்படி இரண்டு வரிசையை 60 டிகிரியில் சாய்த்து ஒரே கிராங்கில் கோத்ததுதான் வி12. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆறு தடவை வெடிக்கும், 60 டிகிரிக்கு ஒன்று. ஒரு உதை முடிவதற்குள் அடுத்த உதை வந்துவிடுகிறது. இடைவெளி இருந்தால்தானே குலுங்கும்? டர்போவும் வரிசைக்கு ஒன்று. தன் பக்கத்து ஆறு சிலிண்டரின் புகையை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

சரி, புகழ்ந்தது போதும். ரிப்பேர் பக்கம் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பழைய வண்டி விலை இறங்கியிருக்கிறது, இறக்குமதி செய்யலாமா என்று கேட்கிற பணக்காரப் பையன்கள் இங்கேயும் இருக்கிறார்கள், என்னிடமே இருவர் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். இக்னிஷன் காயில் பக்கத்துக்கு ஒன்றுதான். முழ நீளக் கட்டையாக இருக்கும். அதிலிருந்து அந்தப் பக்கத்து 12 பிளக்குக்கும் கரண்ட் போகிறது. அதில் ஒரு முனை செத்து இன்ஜின் மிஸ் அடிக்க ஆரம்பித்தாலும் முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதுதான். அதன் விலையைக் கேட்டுவிட்டு வண்டியை எங்களிடமே விட்டுப் போனவர் ஒருவர் உண்டு. ஆறு மாதம் வெயிலில் நின்றது. காற்றுக் குழாய்களை எல்லாம் கழற்றி, கடைசி பிளக் வரை கையை நுழைத்து மாற்றி மூட எனக்கு முழுசாக ஒரு பகல் பிடிக்கும். ஜூலை மாதத்தில் இரவுதான் செய்வோம்.

அப்புறம் இன்டர்கூலர், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது. லாரியில் முன்னால் ரேடியேட்டர் மாதிரி நிற்குமே, எதிர்க்காற்று பட்டுக் குளிரும், அது இதில் கிடையாது. இதில் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர். அந்தத் தண்ணீர் இன்ஜின் தண்ணீரோடு சேராது, அதற்குத் தனிச் சுற்று, சின்ன மின்சாரப் பம்பு, தனி ரேடியேட்டர். ஒரு தடவை அந்தச் சுற்றை நான் திறந்து வேலை பார்த்துவிட்டு, வேக்குவம் போட்டு உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி நிரப்பாமல் சும்மா ஊற்றி மூடிக் கொடுத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு அவசரம். வண்டி அல் தைத் ஊர்ப் பக்கம் போவதற்குள் இழுவை போய்விட்டது. திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து இரண்டு கூலரையும் தொட்டேன். வலது கை வைத்த இடம் சுட்டது, இடது கை வைத்த இடம் வெதுவெதுப்பு. காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் தண்ணீரே ஓடவில்லை. உள்ளே போகும் காற்று சூடானதும் கம்ப்யூட்டர் டர்போ அழுத்தத்தைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றிவிட்டது. என்னைக் காப்பாற்ற ஆளில்லை. அந்த வெள்ளிக்கிழமை லீவு போனது.

கட்டுரையில் நம் குடியரசுத் தலைவர் பயணம் செய்த எஸ் 600 புல்மேன் கார்ட் என்ற குண்டு துளைக்காத நீள வண்டியைப் பற்றி ஆடம்பரம் என்று ஒரு வரி குத்தியிருந்தது. ஆடம்பரமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் குண்டு துளைக்காத இரும்பும் கண்ணாடியும் சேர்ந்தால் வண்டி டன் கணக்கில் எடை ஏறும். அதை நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளப்ப வேண்டும் என்றால், நான் மேலே சொன்ன மாதிரிக் குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவைக்கு அங்கே நிஜமாகவே வேலை இருக்கிறது.

பென்ட்லி இன்ஜினையும் வி12 பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அது டபிள்யூ 12, அமைப்பே வேறு. 2024 ஜூலையில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பி.எம்.டபிள்யூ. 2022இல் தன் 7 சீரிஸ் வி12ஐ நிறுத்தியது. அதன் உறவுக்கார இன்ஜின் 6.75 லிட்டராக ரோல்ஸ்ராய்ஸில் தொடர்ந்தது. அந்த வண்டியின் டேஷ்போர்டில் சுற்று காட்டும் மீட்டரே இல்லை. இன்னும் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மீட்டர்தான். நிதானமாகப் போனால் முள் நூறு சதவீதத்தை ஒட்டியே நிற்கும். எண்பதில் போகும் எங்கள் பெரியவருக்குப் பிடித்திருக்கும். மெர்சிடீஸும் 2012இல் புதுப்பித்த இன்ஜினை மேபேக் எஸ் 680 வரை கொண்டுவந்தது, 612 குதிரைத்திறன், இப்போது ஒன்பது கியர். ஆகவே "முழுவதும் மறைந்துவிட்டது" என்ற உங்கள் தலைப்பு கொஞ்சம் அவசரம்.

கடைசியாக அந்தப் படம். பன்னிரண்டு சிலிண்டர் என்று கீழே போட்டிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கவரின் மேல் "வி8 பைடர்போ" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. என் பேரன் ஆறாவது படிக்கிறான், அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். அடுத்த வாரம் சரியான படத்தைப் போட்டுவிடுங்கள். வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, ஃபோர்மேன் எடுத்தது, வலது ஓரத்தில் என் முழங்கை மட்டும் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் மெக்கானிக்,
பட்டுக்கோட்டை.