இரவின் முதல் ஒன்றரை மணி நேரம்: செட்டிநாட்டு விடுதி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து விடுதியாக நடத்திவரும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், அங்கே பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

கோடையில் உங்களிடம் தங்க வருகிறவர் தேக்குத் தூணையும் ஆத்தங்குடி டைல்ஸையும் பகலிலேயே பார்த்துவிடுகிறார். பொழுது சாய்ந்தபின் அவருக்குக் கிடைப்பது, முற்றத்தில் ஸ்பீக்கரில் ஓடும் புல்லாங்குழல், முகப்பில் கீழிருந்து மேலே அடிக்கும் வெள்ளை விளக்கு, தோட்டத்தில் கொசுப்புகை. இந்த மூன்றும் அந்த நேரத்துக்கே உரிய பூச்சிகளின் ஒலியை அழித்துவிடுகின்றன. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் மாலை 6.30 மணியிலிருந்து 8 மணி வரை வீட்டைப் பூச்சிகளுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். கோடை இரவுகளில் இந்த ஒலிகளைக் கேட்டும் பதிவு செய்தும் வருகிறவர்கள் நாங்கள். செய்ய வேண்டியவை சிறியவை, செலவும் அதிகமில்லை.

முதலில் உங்கள் வீட்டின் கட்டுமானத்தைப் பற்றி. வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி இருக்கும் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான தரை இரண்டும் ஒலியை அதிகம் உறிஞ்சாது. சுவர்க்கோழிப் பூச்சியின் சத்தம் ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்பது. 5,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அதன் அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் கலப்பதால், இரண்டு விரற்கடைக்கு ஓரிடத்தில் சத்தம் கூடும், அடுத்த இடத்தில் குறையும். தூணோரம் உட்கார்ந்து தலையை மட்டும் மெல்ல நகர்த்திப் பாருங்கள், பூச்சி விட்டுவிட்டுப் பாடுவதுபோல் இருக்கும். ஒன்றே ஒன்று பாடும் முற்றத்தில் நாலைந்து இருப்பதாக விருந்தினர் புகார் சொல்வதும், எங்கே என்று தெரியாமல் பணியாளர் எல்லா மூலையிலும் மருந்தடிப்பதும் இதனால்தான். இடம் தெரிய வேண்டுமானால், காதுகளுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து, இரண்டு மூன்று இடங்களில் நின்று திசை பாருங்கள். முற்றத்துத் தூம்பின் வாய், படிக்கல் இடுக்கு, அடுப்படிப் பின்சுவர் விரிசல் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். கிட்டே போனதும் நின்றுவிடும், ஏனென்றால் நடையின் அதிர்வைத் தரைவழியாகவே அது உணர்கிறது. அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் நின்றால் மறுபடி தொடங்கும்.

பாடுவது ஆண் மட்டுமே. ஒரு முன்சிறகின் அடியில் இருக்கும் பல்வரிசையை மற்ற முன்சிறகின் ஓரம் உரசுவதில் அந்தச் சத்தம் பிறக்கிறது. பெண் அதைத் தன் முன்னங்கால்களில் உள்ள செவியால் கேட்டு வருகிறது.

அந்தி மங்கும்போது வேம்பிலும் புளியிலும் இருக்கும் சிள்வண்டு கடைசியாக ஒருமுறை இரைந்துவிட்டு அடங்கும். அடுத்து சுவர்க்கோழி. தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் இடத்திலோ ஊருணிக்கரை ஈரத்திலோ பிள்ளைப்பூச்சி தொடங்கும், அதன் சுருதி தாழ்ந்தது, விடாமல் இழுக்கும். அது மண்ணில் தோண்டும் வளையைக் கவனியுங்கள். வாய்ப்பக்கம் விரிந்து, உள்ளே குமிழாக உருண்டு, எக்காளம்போல் ஒலியைப் பெருக்கித் தரும்படி அமைந்திருக்கும். மண் காய்ந்து உதிர்ந்தால் இந்த வளை நிற்காது. அதனால்தான் கத்திரி வெயிலில் தண்ணீர் படாத செம்மண்ணில் அது கேட்பதே இல்லை.

இலை மறைவில் பாடும் மெல்லிய பச்சைப் பூச்சி ஒன்று உண்டு, மரச் சில்லூறு வகை. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும் ஈக்காந்தஸ் ஹென்றியை என்ற இனத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனின் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்களில் சில, அகன்ற இலையின் நடுவில் தன் அளவுக்கு ஒரு துளை கடிக்கும். அதில் தலையையும் முன்னங்காலையும் நுழைத்து, விரித்த சிறகு இலைப்பரப்போடு ஒட்டும்படி நின்று பாடும். சிறகின் முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் இலை தடுக்கிறது, சத்தம் கூடுகிறது. உடல் சிறியவையும் குரல் மெலிந்தவையுமே இந்த உத்தியை அதிகம் கையாள்கின்றன. வேலியோரப் புதரைத் தரைமட்டமாக வெட்டிக் கொரியன் புல் பதித்துவிட்டால் இதற்கு இலையும் இல்லை, இடமும் இல்லை. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூலை ஒன்றை விட்டுவையுங்கள். அங்கே நொச்சி, ஆவாரை வளரட்டும், சருகைக் கூட்டாதீர்கள்.

விளக்கு விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பெட்டியில் 6500 கே (கெல்வின், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) என்று போட்டிருக்கும் எல்.இ.டி.யில் நீலம் மிகுதி; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் புறஊதாவும்தான். பறந்துவரும் பிள்ளைப்பூச்சியும் அந்துப்பூச்சியும் சுவரில் மோதி விழ, பல்லியும் தேரையும் கீழே காத்திருந்து தின்கின்றன. முகப்பு விளக்கை 2700 கே, கிடைத்தால் 2200 கே ஆக மாற்றுங்கள். மேல்நோக்கி அடிப்பதை நிறுத்தி, மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். நடைபாதைக்கு முழங்கால் உயரத்தில் சிறு விளக்கு போதும். கலர் மட்டும் மாற்றிவிட்டு வாட்டைக் கூட்டினால் பயன் இல்லை. முகப்பு விளக்குக்குத் தனி சுவிட்சும் டைமரும் வைக்கச் சொல்லி மின்பணியாளரிடம் கேளுங்கள். எல்லாம் ஒரே சுவிட்சில் இருப்பதால்தான் படிக்கட்டு இருட்டாகிவிடும் என்று பயந்து யாரும் அணைப்பதில்லை.

முற்றத்தில் வைக்கும் செயற்கை நீரூற்றை எடுத்துவிடுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏ.சி.யின் வெளி யூனிட்டும் ஜெனரேட்டரும் எழுப்புவது தாழ்ந்த உறுமல், அது ஆந்தையின் குரலையும் பக்கி என்ற இரவுப்பறவையின் குரலையும் மறைக்கும், பூச்சியை அவ்வளவாக மறைக்காது. நீரூற்றின் சலசலப்போ தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை எல்லாச் சுருதியிலும் பரவிக் கிடப்பதால் சுவர்க்கோழியும் மரச் சில்லூறும் அதில் மூழ்கிவிடும்.

கொசுவுக்கு வருகிறோம். புகை மருந்து கொசுவை மட்டும் தேர்ந்து கொல்வதில்லை, அந்தியில் பறக்கும் அத்தனையையும் கொல்லும். முட்டையையும் புழுவையும் அது தொடுவதே இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலை மங்குமுன்னும் அதன் நடமாட்டம் அதிகம். அது வளரும் இடம் பெரும்பாலும் உங்கள் வரவேற்பறையிலேயே இருக்கிறது: பூ மிதக்கவிட்ட பித்தளை உருளி. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காவிட்டால் பக்கத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, அடுத்த தண்ணீரில் பொரிக்கும். மொட்டைமாடி ஓட்டுக் கால்வாய், பூந்தொட்டித் தட்டு, ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் வாளி ஆகியவற்றையும் பாருங்கள். கரையான் மருந்து வேறு விஷயம், மரவேலை உள்ள வீட்டுக்கு அது வேண்டும்தான். கரையான் கண்ட இடத்தில் துளையிட்டுச் செலுத்தச் சொல்லுங்கள், தோட்டம் முழுக்கத் தெளிக்க விடாதீர்கள்.

விருந்தினரை உட்காரவைப்பது எப்படி? முதல் பத்து நிமிடம் பேச்சு வேண்டாம், போன் திரை வேண்டாம், அதற்குள் கண்ணும் காதும் ஓரளவு பழகிவிடும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு கட்டுங்கள். நாற்காலியில் உட்காரட்டும், வெறுந்தரையில் வேண்டாம். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடுபவை, தோட்டத்துக்குள் செருப்பும் வெளிச்சமும் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். வயதானவர்களுக்கு 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பது குறைந்திருக்கும். பேரன் கேட்கும் இலைவெட்டுக்கிளியின் ஒலி தாத்தாவுக்குக் கேட்காமல் போகலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுவர்க்கோழி பெரும்பாலோருக்குக் கேட்கும்.

பூச்சியின் சத்தத்தை எண்ணி வெப்பத்தைக் கணக்கிடலாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் ஆமோஸ் டால்பியர் 1897-இல் தந்த கணக்கு அந்த நாட்டு இனத்துக்கு உரியது, நம்முடைய எண் அதில் பொருந்தாது. ஆனால் வெயில் கூடினால் வேகம் கூடும் என்பது இங்கும் உண்மை. ஒரு நிமிடத்து எண்ணிக்கையையும் தெர்மாமீட்டர் காட்டுவதையும் நோட்டில் எழுதிவந்தால் உங்கள் வீட்டுச் சுவர்க்கோழிக்கென்றே ஒரு கணக்கு கிடைக்கும்.

பதிவு செய்ய விரும்பினால் போனில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்க வேண்டும். மாறாத ஒலியை அது இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு பூச்சியை அழித்துவிடும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பு, நொடிக்கு 48,000 மாதிரி (48,000 ஹெர்ட்ஸ்) என்று அமையுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள்.

திருவிழா நாட்களைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை, அன்று ஊர் விழித்திருக்கத்தான் வேண்டும். மற்ற நாட்களைத்தான் கேட்கிறோம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி கிராமம் நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஆந்தையையும் பக்கியையும் வரவழைக்க அவற்றின் குரலை ஸ்பீக்கரில் போட்டுக்காட்டும் வழிகாட்டிகள் சிலர் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் அந்தப் பறவை வேற்று ஆண் வந்துவிட்டதாக எண்ணி, முட்டையை விட்டு எழுந்துவரும். தரையில் முட்டையிடும் பக்கிக்கு அந்த நேரம் கீரியும் நாயும் போதும். அப்படிப்பட்டவரை அடுத்தமுறை அழைக்காதீர்கள்.