கம்பளிக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அக்காவுக்கு

போன மாதம், பிறர் உடுத்திய துணிகளை அவர்களுக்காக விற்றுத் தரும் ஒரு சின்னக் கடையில், கம்பளிக் கோட்டோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். நீங்களும் என்னைப் போல வாங்க வந்தவர்தான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு நிமிஷம் குடும்மா" என்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தீர்கள். முதுகுப் பக்கம் ஊசிமுனை அளவில் நாலைந்து ஒளிப்புள்ளிகள். கம்பளியையும் பட்டுத் துணியையும் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காலரைத் திருப்பினீர்கள்; தையலை ஒட்டி, வெள்ளை நூல் திரித்தது போல அதன் கூடு. அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், அலமாரியில் இருக்கும் அம்மாவின் பட்டுத் துணிகள் என்னவாகியிருக்கும்!

அதோடு நீங்கள் கிளம்பியிருக்கலாம். எனக்காக வேறொரு கோட்டைத் தேடி எடுத்து, அக்குள் தையல், உள்துணி, பாக்கெட்டின் அடி எல்லாம் தடவிப் பார்த்தீர்கள். கைப்பட்டியில் ஒரு பட்டன் இல்லை. உள்ளோரத்தில் தைத்து வைத்திருந்த உபரி பட்டனைக் கண்டுபிடித்துக் காட்டினீர்கள். அப்புறம் நான் ஆசைப்பட்ட கைப்பை. மடிப்பில் லேசாக வளைத்து, "இது தோல் இல்லைம்மா, மேல்பூச்சு உரிய ஆரம்பிச்சிருக்கு, சரிபண்ண முடியாது" என்றீர்கள். வைத்துவிட்டேன்.

நீங்கள் தேடித் தந்த கோட்டையே வாங்கினேன். புழுவோ முட்டையோ ஒளிந்திருந்தால் சாகட்டும் என்று, நீங்கள் சொன்னபடியே அதை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தேன். உபரி பட்டனையும் தைத்தாயிற்று. தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

அன்றைக்குச் சரியாக நன்றி சொல்லவில்லை. ரொம்ப நன்றி அக்கா.