வரிக் கழிவும் மானியம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்வாரிய நஷ்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். விவசாயிகளின் இலவச மின்சாரத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். காற்றாலை வாங்கும் கம்பெனிகளுக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை பற்றி ஒரு வரிகூட இல்லை. நெய்வேலிக்குப் பக்கத்தில் பம்புசெட் வைத்து நெல்லும் கரும்பும் போடுகிறவன் நான். எனக்கு அது உறுத்தியது.

எங்கள் பம்புசெட் மானியத்தில் ஒளிவுமறைவு கிடையாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, மாநில அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். பட்ஜெட்டில் வருகிறது, சட்டமன்றத்தில் பேசுகிறார்கள். சரி, அப்படித்தான் இருக்க வேண்டும்.

காற்றாலை விஷயம் வேறு. 2002-லிருந்து 2012 வரை, காற்றாலை விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக, அதாவது இயந்திரம் பழசாவதற்கான செலவாக, லாபக் கணக்கில் கழிக்க முடிந்தது. அதற்கு முன்பு 100 சதவீதம். ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கிய நூற்பாலை, தன் நூல் வியாபார லாபத்தில் 80 லட்சத்தைக் கழித்துக்கொள்ளும். வரி 30 சதவீதம் என்றால் அந்த ஆண்டு 24 லட்சம் கட்ட வேண்டாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் கழிவு குறைந்து வரி கூடும் என்பது உண்மை. ஆனாலும் அது அரசு கொடுத்த வட்டியில்லாக் கடன்தானே? காற்றாலை எத்தனை யூனிட் கொடுத்தது என்று அந்த விதி கேட்பதே இல்லை. கழிக்க லாபம் இல்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் அவர்களுக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனமில்லை.

2009-இல் யூனிட்டுக்கு 50 காசு என்று உற்பத்தியைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுத்தார்கள். நியாயமான வழி அதுதான். 2012-இல் நிறுத்திய 80 சதவீதக் கழிவை 2014-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2017-இல் யூனிட் ஊக்கத்தொகை நின்றுபோனது. தேய்மானக் கழிவோ 40 சதவீதமாகக் குறைந்ததே தவிர, நிற்கவில்லை!

காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழுப்பு நிலக்கரி தோண்டும் மாவட்டத்துக்காரனுக்குக் காற்றாலையின் அருமை நன்றாகத் தெரியும். கொடுக்கிற பணம் மின்சாரத்துக்குப் போகட்டும் என்கிறேன்.

விட்டுக்கொடுத்த வரி பற்றி மத்திய பட்ஜெட்டோடு ஓர் அறிக்கை வருகிறது. அதில் தேய்மானச் சலுகை மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்று இருக்காது. அந்தப் பட்டியலை எங்கள் பகுதி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். நீங்களும் அடுத்த முறை மின் மானியக் கணக்கு போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.