கிளியூர் பாதையில் வந்த அக்காவுக்கு நன்றி

ஏற்காட்டில் போன ஞாயிறு, மழை விட்ட ஈரத்தோடு கிளியூர் அருவிக்கு இறங்கிய குடும்பங்களில் நாங்களும் ஒன்று. திரும்பி ஏறும்போது சின்னவள் கணுக்காலில் ஒரு அட்டை, ரத்தம் குடித்துப் பருத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் பிடுங்கப் போனார்.

"இழுக்காதீங்ணா, வாய் உள்ளயே நின்னுக்கும்" என்று தடுத்தீர்கள். தலையிலிருந்த விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, விரல் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி மெலிந்த முனையை முதலில் விடுவித்தீர்கள், பிறகு பருத்த முனையை. ஒரே சுண்டு! அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது என்பதால் காயம் வழிந்துகொண்டே இருந்தது. பாப்பா சும்மா இருந்தாள், அழுதது நான்தான். "ஒண்ணுமில்ல கண்ணு, அழுத்திப் புடிச்சாப் போதும்" என்று நீங்களே கைக்குட்டையை வைத்து அழுத்தினீர்கள்.

அதோடு விடவில்லை. பெரியவனின் சாக்ஸை உருட்டிப் பார்த்து இன்னும் இரண்டை எடுத்தீர்கள். நீட்டிய பணத்தைத் தொடவே இல்லை. "பாப்பாவுக்கு ஆரஞ்சு வாங்கிக் குடுங்க" என்று கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

ரொம்ப நன்றிக்கா. காயம் ஆறிவிட்டது. அடுத்து சேர்வராயன் கோயில் மலைக்கு எப்போது என்று இப்போதே நச்சரிக்கிறாள்.