புண்ணாக்கு பில்லில் இனி நான்கு எண்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முதல் நம் கோத்தகிரி கடையில் புண்ணாக்கு வாங்கினால், பில்லின் அடியில் புரதம், எண்ணெய், நார், ஈரம் என்று நான்கு எண்கள் இருக்கும். இவை எப்படி வருகின்றன, எவ்வளவு நம்பலாம் என்று பலரும் கேட்டீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

லோடு இறங்கியதும் பல மூட்டைகளில் குத்தூசியை மேலே, நடுவே, அடியில் என்று செருகி மாதிரி எடுக்கிறோம். ஒரே மூட்டையின் வாயிலிருந்து அள்ளினால் பயனில்லை. மலை ஏறி வரும் லாரி ஆட்டத்தில் தூள் அடியில் இறங்கிவிடும், கட்டி மேலே நிற்கும். எடுத்ததை விரிப்பில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலக்கிக் குறைத்துக்கொண்டே வருவோம். கடைசியில் மிஞ்சும் கைப்பிடி அளவு, சமவெளியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது.

அங்கே அதை அரைத்து, ஒரு கிண்ணத்தில் நிரப்பி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். 780 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான ஒளி அது. தண்ணீர், புரதம், எண்ணெய் ஒவ்வொன்றும் அதில் தனக்குரிய அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் என்றால் 1940 நானோமீட்டர் பக்கம் நன்றாகத் தெரியும். திரும்பி வரும் ஒளியில் எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக் கருவி கணக்குப் போடும். ஒரு நிமிடத்தில் முடிவு வந்துவிடும். ஆனால் கருவிக்குத் தானாக எதுவும் தெரியாது. ரசாயன முறையில் ஏற்கெனவே அளந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் காட்டி அதைப் பழக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் பழக்கிய கருவியில் எள்ளுப் புண்ணாக்கை வைத்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. அதனால் எந்தப் புண்ணாக்குக்கு எந்தக் கணக்கு என்று கேட்டுத்தான் அனுப்புகிறோம்.

புரதத்தை அளக்கும் ரசாயன முறை என்பது 1883-இல் டென்மார்க்கின் வேதியியலாளர் யோகான் கெல்டால் கண்டுபிடித்தது. கந்தக அமிலத்தில் வேகவைத்து, நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கினால் புரதம். இன்றும் எல்லோருக்கும் அடிப்படை அதுதான். ஆனால் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நூறு கிலோ புண்ணாக்கில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தாலே புரதம் கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் கூடியதாகக் காட்டும். அளவு தெரியாமல் யூரியா உள்ளே போனால் மாட்டின் உயிருக்கே ஆபத்து, கன்றுக்குச் சொல்லவே வேண்டாம். யூரியாவுக்கும் பழக்கிய அகச்சிவப்புக் கருவி அதன் தடத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்லும். நாங்கள் இந்த முறைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இனி விலை. மூட்டை விலையைப் பார்த்து வாங்காதீர்கள், புரதத்தின் விலையைப் பாருங்கள். கிலோ 45 ரூபாய்க்கு 44 சதவீதப் புரதம் உள்ள புண்ணாக்கு ஒன்று, 38 ரூபாய்க்கு 34 சதவீதம் உள்ளது ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு கிலோ புரதம் சுமார் 102 ரூபாய், இரண்டாவதில் 112 ரூபாய். மலிவாகத் தெரிவதுதான் உண்மையில் விலை அதிகம்.

எண்ணெயின் அளவையும் பாருங்கள். அழுத்திப் பிழிந்த புண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் வரை எண்ணெய் தங்கும், சால்வென்ட் (எண்ணெயைக் கரைத்தெடுக்கும் திரவம்) போட்டு எடுத்ததில் 1 சதவீதம் பக்கம்தான் இருக்கும். எண்ணெய் மாட்டுக்குத் தெம்புதான். ஆனால் மொத்தத் தீனியில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புல்லைச் செரிப்பது குறையும், பாலில் கொழுப்பும் இறங்கும்.

புண்ணாக்கின் நிறத்தை நீங்களே பாருங்கள். ஆலையில் அதிகம் சூடேறிக் கருகியதில் புரத எண் குறையாமலே இருக்கும், ஆனால் அதில் ஒரு பகுதி மாட்டுக்குச் செரிக்காமல் சாணத்தோடு போய்விடும். கருகின மூட்டை என்றால் எண் எப்படி இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம்.

இந்த எண்களில் வராத ஒன்று அஃப்ளாடாக்சின். பூஞ்சணம் உண்டாக்கும் அந்த நச்சு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கெடுதல். பாலிலும் இறங்கும். அவ்வளவு நுண்ணிய அளவை இந்த ஒளி நம்பகமாகக் காட்டாது. ஆகவே கடலைப் புண்ணாக்கைத் தனியாக நச்சுப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். முடிவு வர நாளாகும், அதுவரை அந்த லோடை விற்க மாட்டோம். "சரக்கு உள்ளே அடுக்கியிருக்கிறதே, ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள்?" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஈரம் 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சரக்கை எடுக்கிறோம். அப்புறம் அது உங்கள் கொட்டகையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூடுபனியும் மழையும் விடாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் தேக்கி வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போங்கள்.

வெளியில் வாங்கிய புண்ணாக்கையும் பார்க்க வேண்டுமானால், மூட்டையின் பல இடங்களில் எடுத்துக் கலந்த கால் கிலோவை காற்றுப் புகாத கவரில் கொண்டு வாருங்கள். எங்கள் மாதிரிகளோடு சேர்த்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தீவனக் கடை,
கோத்தகிரி