வியர்வைப் பரிசோதனை பார்ப்பது நரம்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு வியர்வைச் சுரப்பிப் பரிசோதனை செய்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, வளரும் பெண் குழந்தையும் இருக்கிறாள் என்பதால் வரிவரியாகவே படித்தேன். முக்கியமான ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது. இந்தப் பரிசோதனை பார்ப்பது நரம்பை, சர்க்கரையை அல்ல.

வியர்வைச் சுரப்பிகளை இயக்குபவை மிக மெல்லிய நரம்பிழைகள். சர்க்கரையால் முதலில் பழுதாகும் நரம்புகளில் இவையும் அடங்கும். பாதம்வரை போகும் இழைகளே நீளமானவை என்பதால் குறை பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். வழக்கமான நரம்புக் கடத்தல் பரிசோதனை தடித்த நரம்புகளைத்தான் அளக்கும், இந்த மெல்லிய இழைகளின் சேதம் அதில் பிடிபடாது. சுடோஸ்கேன் போன்ற கருவிகள் வந்தது அதற்காகத்தான். உள்ளங்கைகளையும் உள்ளங்கால்களையும் உலோகத் தகடுகளில் வைத்துக்கொண்டால் போதும். மிகக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, வியர்வையின் குளோரைடு அயனிகளால் தோல் வழியே எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று அளக்கிறார்கள். சில நிமிட வேலை. ஊசி கிடையாது, வெறும் வயிறும் தேவையில்லை. ஊசியைக் கண்டாலே மிரளும் பிள்ளைகளை நினைத்தால், இதை மனதார வரவேற்கத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? நமக்கு வாய்த்த வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை சிறு வயதிலேயே முடிவாகிவிடுகிறது. அப்புறம் உடல் வளர வளர அவை விலகிப் பரவுகின்றன. பருவ வயதில் வியர்க்கும் விதமே மாறுகிறது. பெரியவர்களின் அளவுகோலை அப்படியே ஒரு எட்டு வயதுப் பிள்ளைமேல் வைப்பது நியாயமில்லை. படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளுக்குச் சில சமயம் கொடுக்கப்படும் ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். அதைக் கேட்டுக்கொள்ளாமல் முடிவு சொன்னால் பெற்றோர் வீணாகப் பயந்துபோவார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, முடிவு 'நன்றாக இருக்கிறது' என்று வந்ததும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. நரம்பு நன்றாக இருக்கும்போதே சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கலாம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் அது முன்சர்க்கரை நிலை, அதாவது நோய்க்கு முந்தைய கட்டம் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். அதிக எடையோடு, குடும்பத்தில் இந்த நோயோ, கர்ப்ப காலத்தில் தாய்க்குச் சர்க்கரையோ, கழுத்து மடிப்பில் கருமை படர்வதோ இருந்தால், 10 வயதில் அல்லது பருவமடையத் தொடங்கியதும், எது முந்தியோ அப்போதே ரத்தத்தைச் சோதிக்கச் சொல்கிறது அதே சங்கம்.

அடுத்த இதழில் ஒரு குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள்: எந்த வயதுக்கு எந்த அளவு இயல்பு, குறைவாக வந்தால் அடுத்து என்ன பரிசோதனை, எத்தனை மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்