பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் பழைய சைக்கிள்களைத் திருத்தும் ஆசை இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. அதைக் கண்டு நான் மிகவும் மகிழ்கிறேன். ஆனால் வேலையை அவர்கள் தொடங்கும் இடம் பிழையானது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே அரத்தாளை எடுத்துச் சட்டத்தைச் சுரண்டுகிறார்கள். மறுநாள் ஸ்பிறே பெயின்ட் அடிக்கிறார்கள். பிறகு ஒரு புது சீற், ஒரு நிறக் கிறிப். கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது வண்டி மிக அழகாகத்தான் இருக்கிறது. ஓடிப் பார்த்தால் சில்லு நெளிகிறது, பெடலுக்கு நடுவே கடகடக்கிறது, மழையில் பிரேக் பிடிப்பதில்லை. சில மாதங்களில் அந்த வண்டி மாடிப்படியின் கீழே போய் முடங்கிவிடுகிறது.

நான் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். தராசுகளையும் நுணுக்குக்காட்டிகளையும் கழற்றிப் பூட்டிப் பழகிய கை என்பதால் சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திறக்கத் தயக்கம் இருக்கவில்லை. 2022இல் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றபோது பரண்களிலும் கோடிப்புறங்களிலும் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. 2023 செப்டெம்பரில், எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூ.ஆர். முறை நீக்கப்பட்டபின் அவற்றில் பல பழைய மூலைக்கே திரும்பின. சில இரும்பு விலைக்குப் போயின. இன்று நான் ஓடும் றலி சைக்கிளும் அப்படிப் போகவிருந்த ஒன்றுதான். பழைய இரும்பும் போத்தலும் எடுக்கும் வண்டிக்காரரிடம், உடைந்த தையல் இயந்திரத்தின் காலுக்கு அடியில் கிடந்தது. நிறைக்கு விலை பேசி வாங்கினேன்.

நெற்றித் தகட்டில் றலியின் சின்னமான நாரை பாதி தேய்ந்திருந்தது. பின்சில்லின் ஹப்பில் மண்ணெண்ணெய்த் துணியை அழுத்தித் துடைத்தபோது ஸ்டேர்மி ஆர்ச்சர் என்ற பெயரும் 59 என்ற எண்ணும் தெரிந்தன. அந்த நிறுவனம் தன் ஹப்புகளில் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறிப்பது வழக்கம். 1959ஆம் ஆண்டின் மூன்று கியர் ஹப் அது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்து, எத்தனையோ பேரைச் சுமந்து, கடைசியில் இரும்புக் குவியலில் கிடந்தாலும், உள்ளே பல்லோ பற்சக்கரமோ உடைந்திருக்கவில்லை. எண்ணெய் விடுவதற்கென ஹப்பின் மேலேயே ஒரு சிறு மூடி வைத்திருக்கிறார்கள். அதன் வழியே மெல்லிய இயந்திர எண்ணெயை விட்டு, பழைய அழுக்கு கரைந்து வெளியேறும்வரை சுழற்றியதுதான் அதற்கு நான் செய்த முதல் வைத்தியம்.

திருத்த நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பெடல் அச்சு ஓடும் அடிக்குழல். உடலின் முழுப் பாரமும் மிதிக்கு மிதி அங்கேதான் இறங்குகிறது. பழைய வண்டிகளில், பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பிணைப்பது கொட்டர் பின். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிவாக இருக்கும் இந்தப் பின்னைக் கழற்ற, கிராங்கின் அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடிப்பதை அடிக்கடி காண்கிறேன். அந்த அடி அச்சுக்குப் போய், அங்கிருந்து போல்ஸ் என்னும் சிறு உருக்குக் குண்டுகளுக்குப் போய், போல்ஸ் ஓடும் பாதையில் குழி விழுத்துகிறது. பின் கழன்று வந்துவிடும். ஆனால் அதன்பின் அந்த அச்சு ஒருபோதும் மென்மையாகச் சுழலாது. கிராங்கின் அடியில், பின் வெளியே வர இடம் விட்டு, ஒரு தடித்த இரும்புக் குழாயை நிலத்தோடு நிறுத்தி வைத்தால் அடி முழுவதும் குழாய் வழியே நிலத்துக்குப் போய்விடும். முதல் நாள் இரவே அந்த இடத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பது நல்லது. புதிய பின் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். 9 மில்லிமீற்றர் தடிப்பிலும் உண்டு, 9.5 மில்லிமீற்றரிலும் உண்டு.

அடுத்து மரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் ஒரு நல்ல சட்டம் என் கண்முன்னே பாழாயிற்று. போல்ஸ் உட்காரும் கிண்ணங்களைத்தான் கப் என்கிறோம். பெரும்பாலான பழைய பிரித்தானிய வகைச் சைக்கிள்களின் அடிக்குழல் கப்புகளில் அங்குலத்துக்கு 24 மரை. றலி நிறுவனம் மட்டும் தன் வழக்கமான சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. இரண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவர் தன் பாட்டனாரின் றலியை ஒரு கடையில் கொடுத்திருந்தார். பழைய கப்பில் சிறிய குழிகள் இருந்தன என்பதற்காக அவற்றை எறிந்துவிட்டு, புதிய 24 மரைக் கப்பை நீண்ட ஸ்பனரால் முறுக்கி ஏற்றிவிட்டார்கள். இரும்பு இரும்பை அறுத்தது. இப்போது அந்தச் சட்டத்தில் பழைய கப்பும் நிற்காது, புதியதும் நிற்காது. பாட்டனார் அதில்தான் வேலைக்குப் போய் வந்தார் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

கப்பை எறியாதீர்கள், போல்ஸை மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலப் போல்ஸ் 11 வேண்டும். விலை மிகச் சிறிது. கப்பில் மெல்லிய தேய்மானம் இருந்தாலும் புதிய போல்ஸும் தாராளமான கிறீஸும் போட்டு, ஆட்டமும் இறுக்கமும் இல்லாமல் பூட்டினால் நெடுங்காலம் ஓடும். சங்கிலி இருக்கும் பக்கத்துக் கப்புக்கு மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். இடப்பக்கப் பெடலுக்கும் அப்படியே. இதை அறியாமல் வழமைபோல் திருப்பி, கழலவில்லை என்று பலத்தைக் கூட்டும்போதுதான் மரைகள் சாகின்றன.

துருவுக்கு வருகிறேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்களுக்கு இது தினசரிப் பகை. குறோம் பூச்சில் மேலோட்டமாகப் படிந்த துருவுக்கு, சாப்பாட்டுப் பொதி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். ஆழமான துருவுக்கு ஒட்சாலிக்கமிலம். ஒரு வாளி நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கரைத்து, உருக்குப் பாகங்களை ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் நன்றாகக் கழுவி, அப்பச்சோடா நீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். இரும்பை விட்டுத் துருவைத்தான் அது பெரும்பாலும் கரைக்கும். ஆனால் அது நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள், சமையலறைப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், சிறுவர்கள் உள்ள வீட்டில் வாளியை மூடாமல் விடாதீர்கள். மலசலகூடம் கழுவும் கடும் அமிலத்தை ஊற்றித் துரு எடுக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். ஐதரோகுளோரிக்கமிலம் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். சில்லுக் கம்பிகளை நொறுங்கும் தன்மைக்கும் கொண்டுவந்துவிடக்கூடும்.

இவ்வளவும் முடிந்தபின் பெயின்டைப் பற்றி யோசிக்கலாம். என் ஆலோசனை, அடிக்காதீர்கள் என்பதுதான். தொழிற்சாலையில் சூளையில் சுட்டுப் பிடிக்கவைத்த கறுப்பு எனாமலின் உறுதி, டின்னிலிருந்து பீச்சும் பெயின்டுக்கு ஒருநாளும் வராது. மட்காட்டின் ஓரத்தில் ஓடும் மெல்லிய தங்கக் கோட்டை அரத்தாள் ஒரே இழுவையில் அழித்துவிடும். மீண்டும் அப்படிக் கோடு இழுக்கக்கூடிய கையைக் கொழும்பில் தேடிப் பிடிப்பது எளிதல்ல. சட்டத்தில் முன்பு உள்ளூராட்சி சபை கொடுத்த அனுமதி வில்லை இருந்த அடையாளம், கடையின் பெயர் ஒட்டியிருந்த தழும்பு, யாரோ வீட்டில் தூரிகையால் பூசிய ஒட்டுப் பெயின்ட் எல்லாம் இருக்கும். என் றலியின் மேற்குழாயான பாரின் நடுவில், சிறுவர்களை ஏற்றும் குட்டி சீற் பூட்டியிருந்ததால் இரண்டு வளையங்களாக எனாமல் தேய்ந்திருக்கிறது. முகம் தெரியாத ஒரு தகப்பனும் பிள்ளையும் அதில் இருக்கிறார்கள். அதை ஏன் மூட வேண்டும்? வெறும் இரும்பு தெரியும் இடங்களை மட்டும் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு வைத்து, சிறு தூரிகையால் கறுப்பைத் தொட்டுவிட்டால் போதும். குழாய்களின் உட்புறத்துக்குக் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை விட்டு, சட்டத்தை எல்லாப் பக்கமும் சரித்து ஓடவிடுங்கள். சட்டங்கள் அழுகுவது பெரும்பாலும் உள்ளிருந்துதான்.

இதனால் நான் மாற்றங்களுக்கு எதிரானவள் என்று எண்ண வேண்டாம். ஓடுபவரின் உடலுக்கும் ஊரின் வீதிக்கும் ஏற்றபடி வண்டி மாறத்தான் வேண்டும். என் வண்டியில் முன்னே 48 பல், பின்னே 18 பல் இருந்தது. இந்த வயதில் எதிர்க்காற்றில் மரைன் டிரைவில் அதை மிதிப்பது முழங்காலுக்குக் கேடு. பின் பற்சக்கரத்தைப் பிடித்திருந்த வளையக் கம்பியைத் தட்டையான திருப்புளியால் நெம்பி எடுத்து, 22 பல் உள்ளதைப் போட்டேன். சங்கிலியை ஓர் அங்குலம் நீட்ட வேண்டியிருந்தது. அந்த ஹப்பில் நடுக் கியர் நேரடி, பின் பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லும் ஒரு சுற்று. முதற் கியர் முக்காலாகக் குறைக்கும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு கூட்டும். ஆகவே 22 பல்லில் மூன்றாம் கியர், பழைய 18 பல்லின் நடுக் கியரைவிடச் சற்று வேகமானது. கீழே இலகு கிடைத்தது. மேலே நான் இழந்ததை என் கால்கள் தேடவில்லை.

கியர் கம்பியைச் சரிசெய்வது மிக முக்கியம். நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் உள்ள துவாரத்தினூடே பாருங்கள். சிறு சங்கிலியோடு சேரும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். தளர்ந்தோ இறுகியோ இருந்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் பிடியே இல்லாத ஓர் இடத்தில் ஹப் நின்றுவிடும். கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் வெறுமனே சுழன்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

டயர் வாங்கும்போது 28 என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பழைய 28க்கு ஒன்றரை டயரின் உள்விட்டம் 635 மில்லிமீற்றர். இப்போதைய பந்தய வகைச் சைக்கிள்களின் 700சி டயருக்கு 622. பக்கவாட்டில் 40-635 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ரிம் உக்கிவிட்டால் இந்தியக் கறுப்புச் சைக்கிள்களின் ரிம் பொருந்தும். அங்கேயும் சில்லுக் கம்பிகளுக்கு முன்னே 32 துளை, பின்னே 40 துளை என்ற பழைய பிரித்தானிய முறைதான். கேபிளுக்குப் பதில் தடித்த கம்பியால் இழுக்கும் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி அழுத்துவதால், சில்லு பக்கவாட்டில் நேராக இருப்பதோடு முழு வட்டமாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு சரிசெய்தாலும் நனைந்த குறோம் ரிம்மில் அது மெதுவாகத்தான் பிடிக்கும். மழையில் முன்கூட்டியே பிரேக்கை அழுத்தத் தொடங்குங்கள். அழகுக்காக மட்காட்டைக் கழற்றுபவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. ஒக்டோபர் மழை அவர்களுக்குச் சொல்லும். 6 வோல்ட் டைனமோவை வைத்துக்கொண்டு குமிழை மட்டும் எல்.ஈ.டி.க்கு மாற்றினேன். பின்னால் சிவப்பு விளக்கு எரியாமல் இரவில் யாரும் வெளியே போக வேண்டாம்.

இப்போது சில உணவகங்களில் பழைய சைக்கிள்களைத் தங்க நிறம் பூசிச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். பூச்சாடி தாங்கியாக்குவதற்காகச் சட்டத்தைக் குறுக்கே அறுத்தும் இருக்கிறார்கள். கொட்டர் பின்னும் போல்ஸும் கொஞ்சம் கிறீஸும் கிடைத்தால் இன்னொரு தலைமுறை ஓடக்கூடிய வண்டிகள் அவை. அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் தெருவோரங்களில் இன்னும் இருக்கிறார்கள். சில்லைச் சுழலவிட்டு, விரல் நகத்தை ரிம்மோடு பிடித்தே நெளிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் மூத்தவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகும் பையன்களைத்தான் காணவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் கார்களுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் ஒதுக்கும் இடத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த மூத்த திருத்துநர்களிடம் ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே வெளியிடுங்கள். புறக்கோட்டையிலும் பஞ்சிகாவத்தையிலும் உதிரிப்பாகம் விற்கும் முதலாளிமார் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்பேன். கடையின் பின்னறையில் தூசு படிந்து கிடக்கும் 26 மரைக் கப்புகளையும் பழைய கியர் ஹப்புகளையும் ஓடாத சரக்கு என்று நிறைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டுக் கடை வாசலில் வையுங்கள். வாங்குவதற்கு நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.